வீட்டைத் தாண்டிப் போன வேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், காத்து, கருப்பு என்று எவராவது ஆரம்பித்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறவள் நான். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன், ஏழு வருஷமாக என் வேலையே சந்தேகப்படுவதுதான், கண்ணால் பார்த்து, கையால் தடவி, அதற்கப்புறம்தான் ஒரு பார்ட்டின் மேல் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன். கேப்பையில் நெய் வடிகிறது என்று யாராவது சொன்னால் அந்தக் கேப்பையைக் கொண்டுவா பார்க்கலாம் என்று கேட்கிற ஆள். அப்படிப்பட்ட என்னைக் காட்டி, "அதுக்கு அன்னிக்கு வெயில் தலைக்கேறிப் போச்சு" என்று என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், போன மாசம் ஒரு கல்யாணப் பந்தியில் பத்துப் பேர் முன்னால் சொல்லிச் சிரித்தார். அந்த வயிற்றெரிச்சலில்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, குறுக்கே மட்டும் பேசாதீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடை லீவு. மூத்தாருக்குக் கார்வேட்டிநகரம், எங்களுக்கு வரதய்யபாளையம். ஒரு சின்ன வேன் வாடகைக்குப் பிடித்து ஒன்பது நாள் ரோடு வழியாகவே ஸ்ரீரங்கம், மதுரை, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று போய்விட்டு, கடைசியில் திருமலை ஏறி மொட்டை போட்டுக்கொண்டு வீடு திரும்புவது என்று பேச்சு. டிரைவரை விட்டால் ஐந்து பேர்தான். மூத்தார், அவர் மனைவி தேவி அக்கா, நான், என் வீட்டுக்காரர் முரளி, எங்கள் பையன் தர்ஷன். அவனுக்கு அப்போது ஐந்து வயது. ஆண்கள் மூன்று பேருக்கும் மொட்டை போட்டுச் சந்தனம் தடவியாயிற்று. மலையிறங்கும்போதே பையனுக்கு உடம்பு சுட ஆரம்பித்தது, திருப்பதியில் ஒரு மெடிக்கலில் மருந்து வாங்கி ஊற்றினேன், அதையும் ஸ்ரீகாளஹஸ்தி தாண்டுவதற்குள் கக்கிவிட்டான். இன்னும் ஒரு மணி நேரம், வீட்டுக்குப் போய்ப் படுக்க வைத்துவிடலாம் என்று அவனுக்குச் சொல்லிச் சொல்லித்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வேன் எங்கள் தெருவுக்குத் திரும்புகிற இடம் வந்தது. திரும்பவில்லை. நேராகப் போனது.

"இன்னாங்க, நம்ம ஊடு போயிடுச்சு, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்று நான் முரளியைத் தட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். முன் சீட்டிலிருந்து மூத்தார்தான் பேசினார்.

"நான்தாம்மா போவச் சொன்னேன். ஒம்போது நாளா கோயில் கோயிலா சுத்திக்கினு கீறோம். தடா கிட்ட ஏரியில ஒரு தீவு கீது, தென்னை, குடிசை, ஊஞ்சல்னு போன்ல பாத்தேன். ஒரு பகல் காலை நீட்டிப் படுத்துட்டு, நண்டு துன்னுட்டு சாயந்திரம் வந்துடலாம்."

"மாமா, புள்ளைக்கு ஜுரம்."

"தண்ணிக் காத்து பட்டா எறங்கிடும். ஏம் காதும்மா, ஒண்ணும் ஆவாது, நீ சும்மா வா."

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எங்கள் பக்கத்தில் திருமலை போய் வந்தால் நேராகச் சொந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும், வழியில் எங்கேயும் தங்கக் கூடாது, லட்டைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துத் தேங்காய் உடைத்த பிறகுதான் மற்ற எதுவும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்த மனிதர்தான். கல்யாணமான புதிதில் இதே மாதிரி மலையிலிருந்து வரும்போது, புத்தூரில் என் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார்கள், ரெண்டே நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அழுதேன், கூடவே கூடாது என்று வண்டியை நிறுத்தவிடாமல் செய்தவர் இவர். அன்றைக்கு எனக்குச் சட்டம், இன்றைக்கு இவருக்கு நண்டு. அதைச் சொல்லியும் விட்டேன். "அதெல்லாம் அந்தக் காலம்மா" என்றார். முரளி மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் முன்னால் அவருக்கு நாக்கே கிடையாது, அதைப் பேச ஆரம்பித்தால் இந்தக் கதை முடியாது.

தீவுக்கு மோட்டார் படகில் போக வேண்டும். படகுக்காரர் ஏழுமலை என்று ஒரு பெரியவர், தீவின் மறுபக்கத்தில் இருக்கிற மீன்காரர்கள் ஊரைச் சேர்ந்தவர். தீவு என்னவோ அழகுதான், பொய் சொல்லக் கூடாது. வெள்ளை மணல், பத்துப் பதினைந்து தென்னை, பனையோலை போட்ட நாலு குடிசை, மரத்துக்கு மரம் வலை ஊஞ்சல், எதிரே கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். கடல் இல்லை, ஏரி. எவ்வளவு தூரம் போனாலும் தொடைக்கு மேல் ஏறாது, அவ்வளவுதான். வேலை நாள் என்பதால் எங்களைத் தவிர வந்தவர்கள் யாருமில்லை. குடிசையில் சமைக்கிற ஒரு அம்மா, ஏழுமலை, நாங்கள். மூத்தார் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் போய் மல்லாந்து கிடந்தார், மொட்டைத் தலையில் சந்தனம்கூடக் காயவில்லை, அதற்குள் நண்டுக் குழம்புக்கு ஆர்டர் கொடுத்தாயிற்று.

நான் பையனை ஒரு ஊஞ்சலில் படுக்க வைத்தேன். அவன் கக்கியதில் நாறிக்கொண்டிருந்த சட்டையை அலச வேண்டும். "ஏங்க, புள்ளைய பாத்துக்குங்க, கண்ண எடுக்காதீங்க" என்று முரளியிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுக் குடிசைக்குப் பின்னால் இருந்த கைப்பம்புக்குப் போனேன். நேரம் சரியாக உச்சிப் பொழுது. பம்பு அடித்தால் தண்ணீர் நூலாக வருகிறது, அலசிப் பிழிந்துகொண்டு வர கால் மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது.

வந்து பார்த்தால் ஊஞ்சல் காலி. முரளி கரையில் நின்று அண்ணன் நீந்துவதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார். திரும்பித் தண்ணீரைப் பார்த்தேன். மூத்தார் கிடந்த இடத்துக்கு வலது பக்கம், வெகு தூரத்தில், சின்னதாக ஒரு மொட்டைத் தலை. மஞ்சளாகச் சந்தனம். வெற்று முதுகு. முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளே, உள்ளே என்று நடந்து போய்க்கொண்டிருந்தான்.

எப்படி ஓடினேன் என்று கேட்டால் தெரியாது. தண்ணீருக்குள் புடவை காலைப் பிடிக்கிறது, ஏரிச் சேறு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது, தர்ஷா, தர்ஷா என்று தொண்டை கிழியக் கத்துகிறேன், அவன் திரும்பவே இல்லை. கிட்டே போனபோது தண்ணீர் அவன் மார்புக்கு இருந்தது. கையைப் பிடித்து இழுத்து முதுகில் ஓங்கி இரண்டு வைத்தேன். யார் மேலேயோ இருக்கிற கோபத்தைப் பாத்திரத்தில் காட்டுவார்களே, அப்படித்தான். அது பையனுக்கு விழுந்த அடி இல்லை, மூத்தாருக்கு, முரளிக்கு, ஒன்பது நாளைக்கு, புத்தூரில் நிறுத்தாமல் போன அந்த வண்டிக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து விழுந்த அடி. இதை இப்போது சொல்லும்போதும் எனக்குக் கை கூசுகிறது. அடித்த சத்தம் தண்ணீர் மேல் அவ்வளவு தூரம் கேட்டது, அங்கிருந்தே மூத்தார், "புள்ளைய ஏம்மா அடிக்கிற, வுடு" என்று குரல் கொடுத்தார். நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்தான் குரல் கொடுத்தார்.

பையன் அழவில்லை. என் வலது கையைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய கை ஜில்லென்று இருந்தது, அப்பாடா, ஜுரம் இறங்கிவிட்டது என்று அந்தக் கோபத்திலும் ஒரு நிம்மதி. கரைக்கு நடந்து வர பத்து நிமிஷமாவது ஆகியிருக்கும். வழியெல்லாம் திட்டிக்கொண்டேதான் வந்தேன், அவன் பெரியப்பாவை, அவன் அப்பாவை, அவனை. குனிந்த தலை நிமிராமல் பக்கத்திலேயே வந்தான். முகத்தைப் பார்த்தாயா என்று முரளி பிறகு நூறு தடவை கேட்டார். சொந்தப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவள் குனிந்து முகத்தைச் சரிபார்ப்பாளா? மொட்டைத் தலையும் சந்தனமும் தெரிந்தது, அது போதாதா? வேலையில் ஒரு திருகாணியைக்கூடத் திருப்பிப் பார்க்காமல் விடாத நான் அன்றைக்குப் பார்க்கவில்லை, அது என் தப்புதான். பாதி வழியில் ஒரே ஒரு தடவை பேசினான்.

"ஊட்டுக்குப் போலாம்மா."

"போலாம்டா. இந்தா, இப்பவே போலாம். யாரு இன்னா சொன்னாலும் போலாம்" என்றேன். அழுகை வந்துவிட்டது எனக்கு.

கரையேறி மணலில் நாலடி வைத்திருப்பேன், வெகு தூரம் தள்ளிக் கட்டியிருந்த படகுப் பக்கத்திலிருந்து தேவி அக்கா வந்தார்கள். இடுப்பில் ஒரு பிள்ளை. தோளில் மொட்டைத் தலை சாய்ந்து தூங்குகிறது.

"எங்க செல்வி போன? ஊஞ்சல்ல வெயில் அடிக்குதேன்னு படகு நெழல்ல என் மடியில போட்டுக்கினேன். நல்லா தூங்கறான், ஒடம்பு கொதிக்குது பாரு."

அது என் பையன். என் பையனுடைய முகம், இடது புருவத்தில் அவன் விழுந்த தழும்பு. நான் என்ன செய்தேன் தெரியுமா, இரண்டு கையையும் நீட்டி அவனை வாங்கினேன். எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். இரண்டு கையையும் நீட்ட வேண்டுமென்றால் வலது கையில் பிடித்திருந்ததை விட வேண்டும், விட்டேன். தர்ஷன் உடம்பு நெருப்பாகக் கொதித்தது, அது என் நெஞ்சில் பட்டபோதுதான் எனக்கு உறைத்தது. திரும்பினேன். யாரும் இல்லை. வெட்ட வெளி, ஒரு நாய் ஒளிய இடமில்லை.

மணலில் கால்தடம் இருந்திருக்குமே என்று கேட்பீர்கள். காலையிலிருந்து எல்லாரும் மிதித்த மணல், அதில் எது யாருடைய தடம் என்று தெரியும்? முரளி போனில் பிடித்த படத்திலும் அவர் அண்ணன் மட்டும்தான், வலது பக்கம் திருப்பவே இல்லை.

நான் கிளம்ப மாட்டேன் என்று நின்றேன். வேறு யாருடைய பிள்ளையோ தண்ணீரில் போயிருக்கிறான், நான் கரையேற்றிவிட்டேன், இங்கேதான் இருக்கிறான், தேடுங்கள் என்று கத்தினேன். தேடினார்கள். மூத்தார் ஈரத் துண்டோடு குடிசைக் குடிசையாகப் போனார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், "நான் பாத்தேனே, செல்வி கையப் புடிச்சிக்கினு வந்தானே, எங்கடா போனான்" என்று நடுங்குகிற குரலில் அவரே சொன்னார். ஏழுமலை மறுபக்கத்து ஊர் வரைக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்தார். காணாமல் போன பிள்ளை எதுவும் இல்லை, மொட்டை போட்ட பிள்ளையே இல்லை.

அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "அடிச்சப்ப அழுதானாம்மா?"

"இல்ல."

உடனே போய்ப் படகுக் கயிற்றை அவிழ்த்தார். நண்டுக் குழம்பு சட்டியோடு அப்படியே கிடந்தது.

வீட்டுக்கு வந்தோம், தேங்காய் உடைத்தோம், இரண்டு நாளில் ஜுரமும் விட்டது. ஒரு மாசம் மூத்தார் வாயே திறக்கவில்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, தூரத்தில் சரியாகத் தெரியவில்லை என்றார், பிறகு நான் பார்க்கவே இல்லை என்றார், இப்போது எனக்கு வெயில் தலைக்கேறிவிட்டதாம். முரளியைக் கேட்டால், "அண்ணன் சொல்றாரு, வுடேன்" என்கிறார். பேயை நான் மன்னித்துவிடுவேன் சார், கண்ணால் பார்த்துவிட்டு இல்லை என்கிறவர்களை எப்படி மன்னிப்பது? அந்த வேன் அன்றைக்கு எங்கள் தெருவில் திரும்பியிருந்தால் எனக்கு இது எதுவும் இல்லை.

தர்ஷனுக்கு இதெல்லாம் தெரியாது. அன்றைக்கு அவன் தூங்கிக்கொண்டிருந்தான், அதற்குப் பிறகும் அவன் காதில் விழ இதைப் பேசக் கூடாது என்று நான் சத்தியமே வாங்கியிருக்கிறேன். போன வாரம் ஸ்கூல் விட்டு அவனைக் கூட்டிக்கொண்டு வரும்போது என் இடது கையில் காய்கறிப் பை. ரோட்டைத் தாண்ட வலது கையை நீட்டினேன். பிடிக்காமல் நின்றான். யோசித்துப் பார்த்தால் ரொம்ப நாளாகவே அவன் என் இடது பக்கத்தில்தான் நடக்கிறான், நான்தான் கவனிக்கவில்லை.

"புட்ரா, லாரி வருது" என்றேன்.

"அந்தக் கை வேணாம்மா. அத அவன் புட்சிக்கினு கீறான் இல்ல" என்றான், ரொம்பச் சாதாரணமாக.

யார் என்று நான் கேட்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இடது கையால் அவனைப் பிடித்தேன். வலது கையைத் தொங்கவிட்டபடியே, இரண்டு பக்கமும் பார்த்து, சின்னக் காலுக்கு எட்டுகிற மாதிரி மெதுவாகத்தான் ரோட்டைத் தாண்டினேன்.