தொட்டியில் இறங்கிய பாஸ்டரம்மா

போன வருஷம் ஈஸ்டர் முடிஞ்ச கையோட, பெரம்பலூர்லேருந்து எறையூர் போற பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்துல நடந்தது இது. இப்ப நினைச்சாலும் சிரிப்பு வருது, கூடவே கண்ணும் கலங்குது.

என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் ஒரு சின்ன பாப்டிஸ்ட் சபைக்கு முப்பது வருஷத்துக்கு மேல பாஸ்டரா இருந்தவர். பிரசவ வார்டு வாசல்ல காத்துக் கெடக்கிறது, புருஷன் பொண்டாட்டி சண்டையை விலக்கி விடுறதுன்னு எல்லாத்துக்கும் மொபெட்ட எடுத்துக்கிட்டு கெளம்பிடுவார். எந்த சாமியைக் கும்பிடுறவங்களா இருந்தாலும் அவரு 'பாஸ்டர்', நான் 'பாஸ்டரம்மா'. ஆனா ஊருக்கே ஞானஸ்நானம் கொடுத்தவரோட பொண்டாட்டி ஞானஸ்நானம் எடுக்கல.

நான் பொறந்தது அரியலூர்ல, வேற சபையில. அங்க கைக்குழந்தையிலயே நெத்தியில தண்ணி தெளிச்சு முடிச்சிடுவாங்க. எங்க பாப்டிஸ்ட் சபையில அது செல்லாது. வெவரம் தெரிஞ்ச பிறகு, தானா மனசு வந்து, தண்ணிக்குள்ள முழுசா முழுகி எழுந்திரிக்கணும். அப்பத்தான் மாசத்து முதல் ஞாயித்துக்கெழமை திருவிருந்துல அப்பமும் திராட்சை ரசமும் வாங்கலாம். எனக்கு மனசெல்லாம் எப்பவோ வந்துடுச்சு. தலைதான் முழுகாது. சின்ன வயசுல கெணத்துல விழுந்து பொழைச்சவ நான். இன்னிக்கும் தலைக்கு ஊத்தும்போது கண்ணை மூட மாட்டேன், சீயக்காய் எரிஞ்சாலும் சரி.

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த அப்பத்தைச் சுடுறதே நான்தான். சனிக்கெழமை மாவு பெசஞ்சு தோசைக்கல்லுல போட்டு எடுத்து, வெள்ளைத் துணியில மூடி வெப்பேன். ஆண்டவருக்குன்னு செஞ்சதை ருசி பாக்குற பழக்கம் எங்க அம்மா வீட்ல கெடையாது, நானும் பாத்ததில்ல. மறுநாள் அந்தத் தட்டு என்னைத் தாண்டிப் போகும். மடியில கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். வலிக்குங்க, பொய் சொல்ல மாட்டேன்.

சபையில சிலபேர் முணுமுணுத்தாங்க. சபைப் பெரியவங்கள்ல ஒருத்தர், மூப்பர், நேராவே கேட்டுட்டாரு. அதுக்கு இவர் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "அவளா வரணும்ங்க. நான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தா அது குளிப்பாட்டுறது, ஞானஸ்நானம் இல்ல." வீட்லயும் இவர் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்ல.

அப்படியே இவருக்கு ரிட்டயர்மென்ட்டும் வந்துடுச்சு. கடைசியா ஒரு ஞானஸ்நான ஆராதனை, வேற யாராவது இருக்கீங்களான்னு சபையில கேட்டார். இவர் கையால நான் அப்பம் வாங்காமலே போயிடுவேனோன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. எழுந்து நின்னுட்டேன். இவரோ, "என்னம்மா, கேஸ அணைக்காம வந்துட்டியா?"ன்னு மைக்குலயே கேட்டுட்டார். சபையே சிரிச்சுது. நான் உக்காரல. அப்பத்தான் புரிஞ்சு, கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே இருந்தார்.

எங்க சபையில தொட்டி கட்ட எடமில்ல. அந்தக் கரும்புத் தோட்டத்துக்காரரோட பம்ப்செட் தொட்டியிலதான் எப்பவும் நடக்கும். அவர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுறவர். ஆனாலும் எங்க ஆராதனைன்னா ராத்திரியே மோட்டார் போட்டுத் தொட்டிய ரொப்பி வெச்சிடுவார். முடிஞ்சதும் தண்ணியக் கரும்புக்குத் தொறந்து விடணும், அது ஒண்ணுதான் அவர் கேக்குறது. ரொப்புறதுக்கு முன்னால இவரே போயி தென்னை நாரால தொட்டிப் பாசியத் தேச்சுக் கழுவிட்டு வருவார். அந்த ஒரு தடவை மறந்துட்டார். ஆராதனைக்கு மொத நாள் பொழுது பூரா என்னைத் தேத்துறதுலயே போயிடுச்சு.

மறுநாள் வெள்ளைப் பொடவையோட தொட்டியில எறங்குனேன். தண்ணி நெஞ்சளவு. கரையில பாட்டு. இவர் ஒரு கையால என் முதுகத் தாங்கி, மறு கையால என் கையப் புடிச்சு, பிதா, குமாரன்னு ஆரம்பிச்சார். அவ்வளவுதான், பாசி வழுக்கி விட்டுடுச்சு. ரெண்டு பேரும் தொபுக்கடீர்னு உள்ள.

கண்ணை மூடலயே நான், எல்லாம் தெரியுது. பச்சைத் தண்ணி, அதுல இவரோட கண்ணாடி ஆடி ஆடிக் கீழ போகுது. இவர் கையக் கால உதைக்கிறார். பயமெல்லாம் எங்க போச்சோ தெரியல. காலை ஊனி, இவர் சட்டைக் காலரைப் புடிச்சு ஒரே தூக்கு. பாட்டு நின்னுபோச்சு. தோட்டத்துக்காரர் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடியாந்தார், அதுக்குள்ள பாஸ்டரைக் கரையோரமா சாத்தி நிறுத்திட்டேன்.

இருமி முடிச்சு இவர் மொதல்ல கேட்டது, நான் நல்லாருக்கேனான்னுதான். அந்த மூப்பர், அதான் முழுகியாச்சே, போதும் பாஸ்டர்னார். இவருக்கு மனசு ஒப்பல. வார்த்தை முடியறதுக்குள்ள விழுந்துட்டோம், அது கணக்குல வராதுன்னுட்டார். என்கிட்ட மெதுவா, "பயமா இருந்தா இன்னொரு நாள் பாத்துக்கலாம்"னார்.

"இன்னொரு நாள்லாம் இல்ல. காலை நல்லா ஊனிக்கிட்டு இப்பவே குடுங்க"ன்னேன்.

அந்தத் தடவை கண்ணை மூடினேங்க. கெணத்துல விழுந்த நாள்லேருந்து தண்ணியில நான் கண்ணை மூடினது அன்னிக்குத்தான். எழுந்தப்ப கரையில ஒரே கைத்தட்டல், தோட்டத்துக்காரர்தான் எல்லாருக்கும் மேல. தண்ணியத் தொறந்து விட்டதும் மடையோரத்துல கண்ணாடியும் கெடைச்சுது.

அடுத்த முதல் ஞாயிறு, இவரோட கடைசித் திருவிருந்து. தட்டைச் சுத்தி விடாம இவரே என்கிட்ட எடுத்துட்டு வந்தார். வாங்கி வாயில போட்டேன். ஐயோ, உப்பே இல்ல! ருசி பாக்காததால, மாவுல உப்பு போடணும்னு எனக்கு ஒருநாளும் தோணினதே இல்ல. சபையில எல்லாரும் அதுதான் வழக்கம் போலன்னு நெனச்சு முழுங்கியிருக்காங்க.

வீட்டுக்கு வந்ததும் புடிச்சுக்கிட்டேன். இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியே, நீங்களெல்லாம் மனுஷனான்னு சண்டைக்கே போயிட்டேன். இவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "நீயே ஒருநாள் வந்து சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுவேன்னு இருந்தேன்."

இப்ப அரியலூர்ல மகன் வீட்ல இருக்கோம். இங்க சபைக்கும் அப்பம் என் கையாலதான், உப்பு போட்டு. மாவுல உப்பப் போடும்போதெல்லாம், ஒருநாளும் அவசரப்படுத்தாம எனக்காக ஒரு மனுஷன் இத்தனை வருஷம் உப்பில்லாம சாப்பிட்டிருக்கார்னு நெனச்சுக்குவேன், அன்னிக்குப் பூரா மனசு நெறைஞ்சிருக்கும்.