வீட்டுக்கு ஒரு பேர் போதாது

1. நேரம் சொல்லாதே

நான் லிஃப்ட் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கோலாலம்பூர் செந்தூலில் ஒருவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். கதவுக்கு வெளியே நின்று, "பயப்படாதீங்க சார், பத்து நிமிஷத்துல எடுத்துடுவோம்" என்று கத்தினேன். எடுக்க நாற்பது நிமிடம் ஆனது. பதினோராவது நிமிடத்திலிருந்து அவர் கதவை உதைக்க ஆரம்பித்தார்.

என் முதலாளி சீனர். ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவர் என்பதால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. எல்லாரும் அவரைத் தவுக்கே என்போம். அன்று ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மணியம், உள்ள இருக்கிறவன்கிட்ட பேரு கேளு, ஊரு கேளு, பிள்ளைங்க எத்தனைன்னு கேளு. டைம் மட்டும் சொல்லாத லா. நீ சொன்ன நிமிஷத்துலேருந்து அவன் எண்ண ஆரம்பிச்சிடுவான்."

முப்பத்து நான்கு வருடம் அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். ஒரே ஒரு தடவை மீறினேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் பேனல் பற்றியும் ப்ரேக் பற்றியும் படித்துவிட்டு வருகிறார்கள், சந்தோஷம். நான் சொல்லப்போவது எந்தப் பாடப் புத்தகத்திலும் இருக்காது.

2. இல்லாத மாடியில் இருந்தவர்

கம்போங் மேடான் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழைய இனச் சண்டை ஒன்றுதான் ஞாபகம் வரும். அங்கே ஒரு பதினேழு மாடி மலிவு விலை பிளாட்டில் இருப்பவர்களைக் கேட்டால் லிஃப்டைப் பற்றித்தான் பேசுவார்கள். இரண்டு லிஃப்ட், இரண்டும் படுத்து எட்டு மாதம். பார்த்து விலை சொல்ல என்னை அனுப்பியிருந்தார்கள்.

மோட்டார் ரூம் மொட்டை மாடியில். ஏறும் வழியில் மூச்சு வாங்க நான் உட்கார்ந்த இடம் குணாவின் வாசல். குணா முன்பு கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். சர்க்கரை நோயில் வலது கால் போய்விட்டது. நாற்பத்தைந்து வயது, சக்கர நாற்காலி, வாய் மட்டும் லோரி டயர் மாதிரி ஃபுல் ஏர்.

"வாங்க அண்ணே. இது பதினாலாவது மாடி. ஆனா பட்டன்ல பாருங்க, 13A-ன்னுதான் இருக்கும். நாலுன்னா சீனவனுக்கு ஆகாதுல்ல. இல்லாத மாடியில குடியிருக்கிறவன யாரு தேடி வருவா?"

கிளினிக் போகவேண்டிய நாளில் நான்கு பேர் சேர்ந்து பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்களாம். "சாமி ஊர்வலம் மாதிரி இருக்கும். தேங்காய்தான் உடைக்கல" என்றார்.

பிறகு ஒரு கடிதத்தைக் காட்டினார். கிள்ளானில் ஒரு லோரி கம்பெனி. எந்த லோரி எந்தக் கப்பலுக்குப் போகவேண்டும் என்று ரேடியோவில் சொல்லி அனுப்புகிற வேலை. கால் தேவையில்லை, வாய் போதும். அழைத்துப் போக வேன் வரும். ஆனால் வேன் கீழேதான் நிற்கும். மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள், அதற்குள் வராவிட்டால் வேறு ஆள்.

"மூணு மாசம் முடிஞ்சு வர்ற ஒண்ணாந் தேதி நான் அந்த வேன்ல ஏறணும். முடியுமா முடியாதா அண்ணே?"

இரண்டு லிஃப்டையும் நான் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனாலும் வாய் சொல்லிவிட்டது: "ஒண்ணாந் தேதி காலையில நீ கீழ இருப்ப குணா."

மேலே போய்ப் பார்த்தேன். கன்ட்ரோலர் பேனல் கருகியிருந்தது. ரோப் தேய்ந்து, இழை பிரிந்து நின்றது. டோர் ஆப்பரேட்டரைக் கழற்றி யாரோ விற்றிருந்தார்கள். ஒரு லிஃப்டை மட்டும் எழுப்பவே எழுபதாயிரம் ரிங்கிட், எங்கள் பேச்சில் வெள்ளி.

குடியிருப்பாளர் குழுவின் பொருளாளர் காக் சோம், அதாவது சோம் அக்கா. மலாய்க்காரர், அதே பிளாட்டில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், தமிழில் திட்டினால் நமக்கே புதுச் சொல் கிடைக்கும். விலையைக் கேட்டதும் சிரித்தார். "லிஃப்ட் ஓடலன்னு மெயின்டனன்ஸ் கட்ட மாட்டாங்க. கட்டலன்னா லிஃப்ட் ஓடாது. நீங்க சொல்லுங்க அண்ணே, நான் யாரை மொதல்ல அடிக்கட்டும்?"

3. பானைக் கணக்கு

வழி கண்டுபிடித்தவர் குணாதான். எட்டு மாதம் வீட்டிலேயே இருப்பவருக்குக் கைப்பேசிதான் ஜன்னல்.

ஓர் அறவாரியம் கிள்ளான் பள்ளத்தாக்கின் பொதுக் காரியங்களுக்காக ஒரு தொகையைப் பொதுப் பானை மாதிரி ஒதுக்கி வைத்திருந்தது. யாருக்குக் கொடுப்பது என்று கமிட்டி கூடி முடிவெடுப்பதில்லை. மக்கள் தங்களுக்கு வேண்டிய திட்டத்துக்கு இணையத்தில் காசு போடவேண்டும். எத்தனை பேர் போட்டார்கள் என்பதைப் பார்த்து, பானையில் இருப்பதைப் பங்கு பிரிப்பார்கள்.

எங்கள் லிஃப்டையும் அதில் பதிந்துவிட்டு, குணா எனக்குப் போனில் விளக்கினார். "அண்ணே, ஒரே ஆளு பத்து வெள்ளி போட்டா, பானையிலேருந்து வர்றது முட்டை. அதே பத்து வெள்ளிய பத்துப் பேரு ஆளுக்கு ஒண்ணாப் போட்டா, அவங்க கணக்குப்படி தொண்ணூறு சேரும். நெறைய எடத்துலேருந்து கேட்டா எல்லாப் பங்குலயும் கொஞ்சம் கொறைப்பாங்க. ஆனா கணக்கு அதுதான். காசு இல்ல, ஆளு."

"புரியுது, புரியுது. ஆளுங்க ஒத்துமை முக்கியம்னு சொல்ற" என்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன் நான். புரியாததைப் புரிந்ததாகச் சொல்வது அன்றைக்குத்தான் புதிதாக வந்த பழக்கமும் இல்லை.

4. பத்தொன்பது

எனக்குத் தெரிந்தபடி வசூலில் இறங்கினேன். கோயில் வசூலுக்கு எத்தனை தடவை போயிருக்கிறேன்! மாடி மாடியாக ஏறினேன். "வீட்டுக்கு ஒரு பேர் போதும் ஆன்டி. அங்கிள் பேரைப் போட்டு, குடும்பத்தார்னு எழுதிக்கிறேன்." ஐம்பது வந்தது, நூறு வந்தது. ஆறாவது மாடி பார்வதி அம்மா நூறு வெள்ளியைக் கையில் வைத்து, "முருகையா குடும்பத்தார்னு போடுப்பா" என்றார். முருகையா அவருடைய மகன், சாலைக் கான்ட்ராக்டர், பூச்சோங்கில் பெரிய வீடு. அவர் தனியாக ஐயாயிரம் அனுப்பினார். கூடவே, தன் படம் போட்ட பேனரை எங்கே கட்டலாம் என்று கேட்டு ஒரு வாய்ஸ் மெசேஜும்.

சேர்ந்த ரொக்கத்தை எல்லாம் ஒரு சனிக்கிழமை என் வங்கிக் கணக்கில் கட்டி, என் போனிலிருந்து ஒரே தட்டில் அனுப்பினேன். வெற்றி வீரன் மாதிரி டீ வாங்கிக் குடித்தேன்.

டீ ஆறுவதற்குள் போன் அடித்தது.

"அண்ணே, அது யாரு மணியம்? பணக்கார மணியமா?"

"நான்தான் குணா! எல்லா வீட்டுக் காசும்!"

அந்தப் பக்கம் குணா பட்டியலை மறுபடி மேலிருந்து வாசித்தார்.

"அண்ணே, நீங்க இருநூறு வீட்டை ஒரே ஆளாக்கிட்டீங்க. இது வரைக்கும் நம்ம லிஃப்டுக்குப் பத்தொன்பது பேரு. வேற எடத்துல வெளையாட்டுத் திடல் போடக் கேட்டவங்க நானூறைத் தாண்டிட்டாங்க. இன்னும் ஒன்பது நாள்தான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. "பரவாயில்லண்ணே. கம்பெனிக்கு வரலன்னு சொல்லிடவா?" என்றார்.

நான் நேரம் சொன்னேன். அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

5. நன்கொடையைத் திருப்பிக் கொடுத்தவன்

முடிவு தேதிக்கு முன் போட்ட காசைத் திரும்ப எடுக்கலாம் என்று விதியில் இருந்தது. எடுத்தேன். பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினேன். வாங்கும்போது வலிக்காத முட்டி, கொடுக்கும்போது வலித்தது.

"வசூல் காசைத் திருப்பிக் குடுக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்று மூன்றாவது மாடியில் ஒருவர் நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "நல்ல நோட்டுத்தானே?"

எல்லா வாசலிலும் ஒரே பேச்சுத்தான். வீட்டில் பெரியவர்கள் எத்தனை பேர்? ஆளுக்கு ஒரு போன், ஒரு பேர், ஒரு வெள்ளி. அதற்கு மேல் போட்டால் அவரவர் விருப்பம்.

ஒன்பதாவது மாடியில் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிற ஆறு பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள். "நாங்க இந்த ஊர்க்காரங்க இல்லையேண்ணே" என்று தயங்கினார் ஒருவர்.

"தம்பி, நீ இந்தப் படி ஏறுறியா?"

"தெனம் ரெண்டு தடவை. அரிசி மூட்டையோட."

"அப்ப நீ இந்தப் படிக்காரன். பேரைத் தட்டு."

ஆறு பேரும் தட்டினார்கள்.

பார்வதி அம்மா வீட்டில்தான் அதிக நேரம் ஆனது. நூறு வெள்ளியைத் திருப்பிக் கொடுத்து, அவருடைய போனைக் கேட்டேன்.

"என் பேர்லயா? எனக்கு எதுக்குப்பா பேரு? மொதல்ல அப்பா குடும்பத்தார். அப்புறம் வீட்டுக்காரர் குடும்பத்தார். இப்ப மவன் குடும்பத்தார். எந்த ரசீதுலயும் என் பேரு வந்ததில்ல."

அப்போதுதான் முருகையா மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஆறு மாடி. பேனர் விஷயமாக என்னைத் தேடி வந்தவர், காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டார். "என்ன மணியம், என் அஞ்சாயிரமும் எங்கம்மா ஒரு வெள்ளியும் ஒண்ணா?"

என் போனில் குணா வீடியோ அழைப்பில் இருந்தார். "ஒண்ணு இல்லண்ணே" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "வெள்ளிக்கு வெள்ளி பாத்தா அம்மா போடுறதுதான் பெரிசு."

முருகையாவின் முகம் சுருங்கியது. எனக்குத் தெரிந்த ஒரே பாஷையில் பேசினேன். "முருகையா, லிஃப்டை மோட்டார் மட்டும் தூக்குறதில்ல. அந்தப் பக்கம் ஒரு வெயிட் தொங்கும், நீங்க யாரும் பாத்திருக்க மாட்டீங்க. அதுல ஒரே பெரிய இரும்பா வைக்க மாட்டோம். வச்சா யாரு மேல ஏத்துறது? ஆளு சுமக்கிற அளவுக்குத் தட்டுத் தட்டா அடுக்குவோம். அத்தனையும் சேர்ந்து அந்தப் பக்கம் இழுக்கறதாலதான், மோட்டார் லேசாத் தட்டினாலே பெட்டி மேல போவுது."

அவர் பதில் சொல்வதற்குள் பார்வதி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்ட ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு எழுத்தாக. முடித்ததும் திரையில் வந்த ரசீதை மகனிடம் நீட்டினார். "படி."

"பார்வதி" என்று படித்தார் முருகையா. அவ்வளவுதான் இருந்தது, குடும்பத்தார் இல்லை. போனை அம்மா கையில் திருப்பி வைத்தார்.

"சரி. அப்ப நான் என்ன செய்யட்டும்?"

"திருவிழாவுல மைக்கை விடமாட்டீங்களே, அதையே செய்யுங்க" என்றார் குணா.

அன்று மாலையிலிருந்து முருகையா படிக்கட்டு அடியில் ஒலிபெருக்கியோடு நின்றார். வேலை முடிந்து வருகிற ஒருவரையும் விடவில்லை. "அக்கா! மாக்சிக்! பாக்சிக்! ஒரு வெள்ளி, ஒரு பேரு! பேரு சொல்லாம படி ஏறக்கூடாது!" காக் சோம் சுராவ் வாசலில் மேசை போட்டு, தொழுகை முடிந்து வருபவர்களைப் பிடித்தார். வீட்டுக்காரர் மட்டும் போட்டுவிட்டு நகர்ந்தால், "உங்க பொண்டாட்டி என்ன பறந்தா போறாங்க?" என்று மலாயில் கேட்டுக் கூப்பிட்டு நிறுத்துவார். குணா பதினான்காவது மாடிக் கம்பியில் சாய்ந்து, எண்ணிக்கையைக் கீழே கத்துவார். இருநூற்று நாற்பது! முந்நூற்று ஐந்து! ஒவ்வொன்றுக்கும் கீழே கைதட்டல். எண் ஐந்நூறைத் தாண்டிய அன்று யாரோ பட்டாசு கொளுத்திவிட்டார்கள். காக் சோம் அவர்களைத் துரத்திக்கொண்டு ஓடினார்.

கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு முடிவு. ஐந்து ஐம்பத்தைந்துக்கு மேலிருந்து குரல் வந்தது.

"அறுநூத்துப் பத்து! அண்ணே! மணியம் அண்ணே! உங்க பேரு எங்க?"

அப்போதுதான் உறைத்தது. எல்லார் காசோடும் என் காசையும் திரும்ப எடுத்தவன், மறுபடி போடவே இல்லை. ஊர் முழுக்கப் பேர் கேட்டு அலைந்தவனுக்குத் தன் பேர் மறந்துவிட்டது. அவசரத்தில் கடவு எண்ணை இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன். "அலாமாக், அண்ணே!" என்று காக் சோம் தலையில் கை வைத்துக்கொண்டார். மூன்றாவது தடவை போனது. ஐந்து ஐம்பத்தொன்பது.

"அறுநூத்துப் பதினொண்ணு!"

6. ஒண்ணாந் தேதி

பானையிலிருந்து வந்தது, நாங்கள் போட்டது, முருகையாவின் ஐயாயிரம் எல்லாம் சேர்ந்து எழுபதாயிரத்தைத் தாண்டியது. பேனல் வர ஆறு வாரம். ரோப் மாற்ற, கதவு பூட்ட, ப்ரேக் சரிபார்க்க எங்கள் ஆட்கள் ஞாயிறுகூடப் பார்க்காமல் நின்றார்கள். அரசாங்க இன்ஸ்பெக்டர் வந்து, எடை ஏற்றி ஓட்டிப் பார்த்து, சான்றிதழில் கையெழுத்துப் போட்டது இருபத்தொன்பதாம் தேதி.

பேனரும் வந்தது. முருகையா தன் செலவில்தான் அச்சடித்தார், ஆனால் படம் இல்லை. அறுநூற்றுப் பதினொரு பேர், காசு வந்த வரிசையில். லிஃப்டுக்குக் காத்திருக்கிறவர்கள் அதில் தங்கள் பேரைத் தேடுகிறார்கள். அதனால் லிஃப்ட் தாமதமாக வந்தாலும் யாரும் கதவைத் தட்டுவதில்லை. எங்கள் தொழிலில் இது பெரிய அதிசயம்.

ஒண்ணாந் தேதி காலை ஏழு மணிக்கு 13A-யில் கதவு திறந்தது. வெளியே குணா, இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, மடியில் சாப்பாட்டுப் பெட்டி. நான் உள்ளே நின்று பட்டனை அமுக்கக் கை நீட்டினேன்.

"கையை எடுங்கண்ணே. எட்டு மாசமா இதை அமுக்குற மாதிரி கனவு கண்டது நானு. அப்புறம் வேலை நடந்த மூணு மாசமும் கண்டேன்."

அவரே அமுக்கினார். பெட்டி சத்தமில்லாமல் இறங்கியது. குணா கடக்கிற ஒவ்வொரு மாடி எண்ணையும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். கீழே கதவு திறந்தபோது, ஒன்பதாவது மாடிக்காரர்கள், பார்வதி அம்மா, காக் சோம், எனக்குப் பேர் தெரிந்த இன்னும் எத்தனையோ பேர் நின்றார்கள். யார் வாங்கி வந்தார்களோ, ஒரு தேங்காய் உடைந்தது. வேன்காரர் ஹாரன் அடித்தார்.

இப்போது இரண்டாவது லிஃப்டுக்கு வேலை தொடங்கியிருக்கிறோம். வாசலில் நின்று இந்த வீட்டில் யார் பெரியவர் என்று நான் கேட்பதில்லை, எத்தனை பேர் படி ஏறுகிறீர்கள் என்று கேட்கிறேன்.

தவுக்கே சொன்னது தப்பில்லை, பிள்ளைகளே. தனி ஆளாக நிற்கும்போது யாரிடமும் நேரம் சொல்லாதீர்கள். அறுநூற்றுப் பதினொரு பேர் கூட நின்றால், தேதியே சொல்லலாம்.