சீதாதேவி இருமிய வரலாறு

எஹலியகொடைக்கு மேலே இறப்பர் தோட்டத்தில் பால் வாளி சுமந்த சீதாதேவி, தன் உடம்பின் உட்புற நிர்வாகம் முழுவதும் ஒரே ஒரு முடிச்சில் நிற்பதாக நம்பியிருந்தாள். தொண்ணூற்று மூன்றில், இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு, தோட்ட லொறியில் ஏற்றிக்கொண்டுபோய்க் கருக்குழாயில் போட்டுவிட்ட கருத்தடை முடிச்சு அது. சாக்கின் வாயை இறுக்கிக் கட்டினால் உள்ளிருப்பது சிந்தாது அல்லவா? அவளுக்குத் தெரிந்த உடற்கூறு அவ்வளவுதான். அதைக் கற்பித்த பேராசிரியை, லயம் என்ற தோட்டக் குடியிருப்பு வரிசையில் அடுத்த காம்பராவில் குடியிருந்த இருளாயி.

ஆகவே, இரண்டாயிரத்து எட்டில் மாதப்போக்கு பெரும்பாடாகி நிற்காமல் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கருப்பையில் கட்டி என்று டொக்டர் சொன்னதற்குக்கூட அவள் கலங்கவில்லை. அடுத்துச் சொன்னதற்குத்தான் கலங்கினாள். கருப்பையோடு இரண்டு குழாய்களையும் எடுத்துவிடுவார்களாம். விட்டுவைத்தால் கட்டிய குழாயில் பின்னால் நீர் கோத்து வலிக்கலாமாம். சூலகம் இரண்டும் அப்படியே இருக்குமாம்.

"அப்போ முடிச்சு?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

அதுவும் சேர்ந்து போகும் என்றார் அவர், ஏதோ பழைய செருப்பைப் பற்றிப் பேசுவதுபோல.

இருளாயி அன்று மாலையே தீர்ப்பு வழங்கினாள். "முடிச்சே போயிட்டா எதுடி புடிச்சிக்கிட்டு நிக்கும்? ஒரு தும்மல் போதும், எல்லாம் கீழ வந்துரும். தெரணியகலையில ஒருத்திக்கு வந்துச்சு."

"யாருக்குக்கா?"

"பேரு தெரியாது. ஆனா வந்துச்சு."

இரத்தப்போக்கு நிற்காததால் சீதாதேவிக்கு வேறு வழியில்லை. ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயம்தான் வீடுவரை கூட வந்தது.

பழைய சேலையை இடுப்பில் வரிந்து கட்டினாள். முழங்கால்களை ஒட்டவைத்துப் படுத்தாள். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்து, கண் பிதுங்க அதை உள்ளேயே அடக்கம் செய்தாள். லயத்தின் பெரிய நகைச்சுவையாளனான புருஷன் தங்கையாவுக்கும் தடை விழுந்தது.

"நீ சிரிக்கக் கூடாதுன்னா நான் எப்படிடி பேசுறது?"

"பேசாதீங்க."

கக்கூசில் முக்கவும் பயம். முக்காமல் விட்டதில் மலம் இறுகி, அடிவயிறு கல்லாய்க் கனத்தது. இறங்கிவிட்டது என்றே முடிவு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. கிளினிக் நாள் வரும்வரை நிறைமாதக்காரிபோல வயிற்றைத் தாங்கியபடியே நடமாடினாள்.

கிளினிக்கில் திரைக்குப் பின்னே படுக்கவைத்துப் பரிசோதித்த டொக்டர், "கஹின்ன," என்றார். இரும வேண்டும்.

சீதாதேவி வாயை இரண்டு கையாலும் பொத்தினாள்.

"பய வெண்ட எப்பா," பயப்படாதே என்று நர்ஸ் கையை விலக்கினாள்.

மனசுக்குள் மாரியாத்தாளிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, எலிக்குஞ்சு மாதிரி ஒரு இருமல் இருமினாள். போதாது என்றார்கள். கண்ணை இறுக மூடி, பலமாக இருமினாள். பொத்தென்று சத்தம் கேட்கக் காத்திருந்தாள்.

ஒன்றும் விழவில்லை.

அழுகையோடு முடிச்சுக் கதையைச் சொன்னாள். டொக்டர் சிரிக்காமல் கேட்டார். குழாய் எதையும் தாங்குவதில்லை என்றார். அடியில் உள்ள தசையும் அதைச் சேர்ந்த கட்டுகளும்தான் தாங்கும். மூத்திரத்தை அடக்குவதுபோல அந்தத் தசையைத் தினமும் இறுக்கி விட்டுப் பழக வேண்டும். சில மாதத்துக்கு வாளி தூக்கக் கூடாது. கீரையும் தண்ணீரும் சேர்த்தால் இந்தக் கனம் போய்விடும், இது வெறும் மலச்சிக்கல்.

சீதாதேவி தலையாட்டினாள். நம்பினாளா என்பது வேறு விஷயம். திரையை விலக்கி வந்ததும் நின்று ஒருமுறை இருமிப் பார்த்தாள். வாசலில் இன்னொருமுறை, இன்னும் பலமாக. வாங்குப் பலகையில் உட்கார்ந்து காத்திருந்த பெண்கள் காசநோய் என்று பயந்து, முந்தானையால் மூக்கைப் பொத்தி நகர்ந்து வழிவிட்டார்கள். அவள் இருமிக்கொண்டே போனாள். ஒரு கை மட்டும் இன்னும் அடிவயிற்றைத் தாங்கியிருந்தது.