ரோல்ஸின் வயிறு

எங்கள் பூனை ரோல்ஸின் வயிற்றில் மயிர் கொட்டியிருப்பதை முதலில் கண்டது நான். கண்ட கையோடு குசினிக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் எனக்கு ஓட்டைவாய் என்று பெயர். காலையில் என் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் ஸ்கூல் வானில் வருகிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். ஆனாலும் ஒரு பூனையின் வயிற்றைப் பற்றிச் சொன்னதற்கு அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவார் என்று நான் நினைக்கவில்லை.

ரோல்ஸ் என்று பெயர் வைத்தது அண்ணா. சுருண்டு படுத்தால் பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் ரோல்ஸ் மாதிரியே இருக்கும். அதே பொரித்த நிறம். வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். அந்தப் பாதையோரக் கற்களுக்கிடையில் கத்திக்கொண்டு கிடந்த குட்டியை லப்டொப் பையில் போட்டு மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்தவனும் அவன்தான். சோறும் மீனும் பிசைந்து வைப்பது என் வேலை. அதைச் சாப்பிட்டுவிட்டு என்னைத் திரும்பியும் பாராமல் ரோல்ஸ் அண்ணாவின் கால்மாட்டில் போய்ப் படுத்துவிடும். நன்றிகெட்ட பூனை என்று நான் திட்டாத நாள் கிடையாது.

அம்மா ரோல்ஸைப் புரட்டிப் பார்த்தார். அடிவயிற்றில் தேநீர்க் கோப்பையின் வாயளவுக்கு மயிரே இல்லை, வெறும் ரோஸ் நிறத் தோல். புண்ணும் இல்லை, பொருக்கும் இல்லை. அம்மாவோ சொறி என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அடுத்து அவர் செய்ததுதான் விசித்திரம். பூனையைத் தூக்கி வைத்திருந்தவள் நான். என் கையை ஏறெடுத்தும் பாராமல் அண்ணாவிடம் போய், அவன் சேர்ட்டைக் கழற்றச்சொல்லி, முதுகு, கழுத்து, விரலிடுக்கு என்று ஒன்றும் விடாமல் தடவித் தடவிப் பார்த்தார்.

"இவனுக்கு ஒட்டிச்செண்டா எல்லாம் போச்சு," என்றார் அப்பாவிடம்.

எல்லாம் என்றால் எது என்று நான் கேட்டேன். எனக்குப் படிக்க ஒன்றுமில்லையா என்று பதில் வந்தது.

அன்றிலிருந்து அண்ணாவின் அறைக்கதவு ரோல்ஸுக்குச் சாத்தப்பட்டது. அது கதவடியிலேயே குந்திக்கொண்டிருக்கும். அண்ணா உள்ளேயிருந்து கதவுக்குக் கீழால் விரலை நீட்டுவான். அது முகர்ந்து பார்க்கும். விரல் உள்ளே போனதும் ஒரு பக்கமாகச் சரிந்து, வயிற்றை நக்கத் தொடங்கிவிடும். நக்கிக்கொண்டே இருக்கும். ஒரு கிழமைக்குள் வழுக்கை தொடைவரை இறங்கிவிட்டது. பார்த்தீர்களா பரவுகிறது என்று அம்மா கதவை இன்னும் இறுக்கச் சாத்தினார்.

அப்பா கோபக்காரர் அல்ல. அதனால்தான் அவர் சொன்னது எனக்கு அதிகம் பயமாக இருந்தது. "ஞாயிறுக்கிடையிலை மாறாட்டி மார்க்கெட்டிலை மீன்காரரிட்டை விட்டிட்டு வாறன். அங்கை அதுக்குச் சாப்பாட்டுக்கு என்ன குறை?" என்றார், பெண்ணை நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்கப் போகிறவரைப் போல.

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பாடசாலை விடுமுறை என்பதால் நாள் முழுக்க வேறு நினைப்பும் இல்லை. மார்க்கெட்டடியில் ஓடும் காலி வீதி என்ற பெருந்தெருவில் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வருவதும், நடுவில் ரோல்ஸ் நிற்பதும் கண்ணை மூடினால் தெரியும். கண்ணைத் திறந்தால் அதன் வயிற்றைப் பார்ப்பேன். பொட்டு மயிரும் முளைத்திராது. ரோல்ஸ் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று சாமித்தட்டுப் பிள்ளையாரிடம் மன்றாடினேன். வேறு யாரைப் பற்றியும் மன்றாடவேண்டும் என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை பூசை முடிந்த கையோடு அம்மா அதே தட்டிலிருந்து கற்பூரத்தை எடுத்து, தேங்காயெண்ணெயில் போட்டுக் காய்ச்சி, ரோல்ஸின் வயிற்றில் அப்பிவிட்டார். எங்களுக்குத் தோலில் கடி, சொறி வந்தால் பூசுவதும் அதுதான். நாங்கள் பூசியதை நக்குவதில்லை என்பது அம்மாவுக்கு அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. ரோல்ஸுக்கு மருந்தும் ஒன்றுதான், அழுக்கும் ஒன்றுதான். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் நக்கியது. கொஞ்ச நேரத்தில் வாயால் வீணி வடிந்தது. எழும்பி நடந்தது, பின்னங்கால்கள் நடுங்கி, பிரிட்ஜில் மோதி விழுந்தது.

நான் போட்ட சத்தத்தில் அறைக்கதவு திறந்தது. "நீ தொடாதை! தொடாதை ராசா!" என்று அம்மா கத்தக் கத்த, அண்ணா அதை அள்ளித் துவாயில் சுற்றிக்கொண்டு படியிறங்கினான். நான் செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஓடினேன். அம்மாவும் வந்து ஓட்டோவில் ஏறினார். கிருலப்பனையில் இருந்த மிருக வைத்தியரிடம் போய்ச் சேரும்வரை அண்ணா துவாயை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். துவாய்க்குள் மூச்சு இருக்கிறதா என்று நான் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி வந்தேன்.

டொக்டர் இளம் பெண், கொட்டாஞ்சேனைக்காரி. எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஊசி ஏற்றி, நடுக்கம் நிற்கும்வரை பக்கத்திலேயே நின்றார். கற்பூரம் பூனைக்கு நஞ்சு என்று அம்மாவிடம் இரண்டு தரம் சொன்னார். பிறகு ரோல்ஸின் தோலை விளக்கால் பார்த்தார். நாலைந்து மயிரைப் பிடுங்கிக் கண்ணாடித் துண்டில் வைத்து நுணுக்குக்காட்டியால் பார்த்தார்.

"தோலிலை ஒரு வருத்தமும் இல்லை அன்ரி. மயிர் தானாக் கொட்டேல்லை, நுனியெல்லாம் முறிஞ்சிருக்கு. மனசு சரியில்லாட்டி சில பூனையள் இப்பிடி நக்கி நக்கியே கழிச்சுப்போடும்."

"அப்ப மனிசருக்கு ஒட்டாதோ? எக்ஸ்ரேயிலை ஒண்டும் காட்டாதோ?"

"பூனைக்கு எக்ஸ்ரே தேவையில்லை அன்ரி," என்றார் டொக்டர். பிறகு, "இது ஆரோடை கூடச் சேர்த்தி?" என்றார்.

"அண்ணாவோடை!" என்றேன் நான்.

"வீட்டிலை ஏதும் மாற்றமோ? ஆரும் புதுசா வந்தவையோ? ஆரும் போகப்போகினமோ?"

அம்மா துவாயை மடித்துக்கொண்டிருந்தார். "இல்லை டொக்டர். ஆர் போறது?" என்றார். அண்ணா சுவரில் ஒட்டியிருந்த நாய்த் தடுப்பூசிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒருத்தரும் எங்கேயும் போகவில்லை என்று நானும் அடித்துச் சொன்னேன்.  டொக்டர் ரோல்ஸின் கழுத்துக்கு ஒரு பிளாஸ்ரிக் கூம்பு தந்து, அறைக்கதவைத் திறந்துவிடச் சொன்னார்.

கதவு திறந்தது. ரோல்ஸ் கூம்போடு போய் அண்ணாவின் கால்மாட்டில் ஏறியது. ஞாயிறு வந்து போனது; அப்பா மார்க்கெட்டுக்குப் போய் மரக்கறியோடு மட்டும் திரும்பிவந்தார். கொஞ்ச நாளில் வயிற்றில் தூசி படிந்ததுபோல் மயிர் அரும்பியது. எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. மெடிக்கல் சரிவந்துவிட்டது என்று அம்மா அப்பாவிடம் சொன்னதைக் கேட்டு, ரோல்ஸைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நானும் கைதட்டினேன்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் அண்ணா கண்டிக்கு ஏதோ கோர்ஸ் என்று பெரிய பெட்டியோடு புறப்பட்டான். போகும்போது தான் இடுப்பில் கட்டுகிற பழைய சாரத்தைக் கட்டிலில் விரித்துவிட்டு, "இதைத் தோய்க்க விடாதை, ரோல்ஸ் படுக்கட்டும்," என்றான். ஊத்தைச் சாரம், மணக்கும் என்றேன். அதுக்குத்தான் என்றான். இரண்டு நாள் கழித்துக் கனடாவிலிருந்து அவன் போன் வந்தது.

மெடிக்கலும் எக்ஸ்ரேயும் அவனுடைய விசாவுக்கு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் ஆட்களின் வழக்கம் அது. வெளிநாட்டுப் பயணத்தை, போய் இறங்கும்வரை வெளியே விடமாட்டார்கள். நாவூறு பட்டுக் காரியம் கெட்டுவிடும். ஓட்டைவாய் ஒன்று உள்ள வீட்டில் கேட்கவே வேண்டாம். "இனிப் பள்ளிக்கூடம் துவங்கின உடனை ஆசைதீரச் சொல்லு," என்றார் அப்பா, சிரித்துக்கொண்டு. அண்ணா கனடாவில் என்பது எனக்கும் புளுகமாகவும் பெருமையாகவும்தான் இருந்தது. அடுத்த விடுமுறைக்கு வந்துவிடுவான் என்று நினைத்தேன்.

விடுமுறையின் கடைசி நாள் ரோல்ஸ் சாரத்தில் கிடந்து நக்குவதைக் கண்டு தூக்கிப் பார்த்தேன். அரும்பிய மயிரெல்லாம் போய்விட்டிருந்தது. எனக்குப் பகீரென்றது. மறுபடி மீன் மார்க்கெட், மறுபடி காலி வீதி. ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்தேன். அம்மா இம்முறை புரட்டிப் பார்க்கவில்லை, சொறி என்றும் சொல்லவில்லை. அண்ணாவின் கட்டிலில் இருந்து ரோல்ஸை மடியில் எடுத்து, சாரத்தின் நுனியால் மூடினார்.

"என்னம்மா பூசுவம்?" என்று கேட்டேன்.

"இதுக்குப் பூச ஒண்டுமில்லை பிள்ளை," என்றார் அம்மா.

மறுநாள் காலை ஸ்கூல் வானில் ஏறியதும் ஏறாததுமாக எல்லோருக்கும் சொன்னேன்: எங்கள் பூனைக்கு மருந்தே இல்லாத ஒரு வருத்தம் வந்திருக்கிறது என்று. இறங்கும்வரை அதையேதான் சொல்லிக்கொண்டு போனேன். அண்ணா போய்விட்டதைச் சொல்ல எனக்கு நினைவே வரவில்லை.