முதல் கியரில் இறங்கினோம்

பச்சைக் கொழுந்தின் ஈர வாசனையும் டீசல் வாசனையும் கலந்து வீசிய ஒரு காக்கிச் சட்டையைத்தான் சிறு வயதில் நான் அப்பா என்று அறிந்திருந்தேன். இலங்கை மலைநாட்டில் மடுல்கெல்லைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மலையுச்சியில் பறித்த கொழுந்தை ஏற்றிக்கொண்டு கீழே ‘ஸ்டோரு’க்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, டிராக்டர் ஓட்டியவர் அவர். பாதையின் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம்.

மற்ற டிரைவர்கள் இறக்கம் தொடங்கியதும் கியரை எடுத்துவிட்டு வண்டியை அதன் போக்கில் உருளவிடுவார்கள். ‘நியூட்டல்ல விடுறது’ என்று அதற்குப் பெயர். டீசல் மிச்சம், நேரமும் மிச்சம், கொழுந்து பறிக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள் என்ற ஆசை வேறு. அப்பா மட்டும் ஏறிய கியரிலேயே இறங்குவார். என்ஜின் மலை முழுவதும் கேட்கும்படி உறுமும். வண்டியோ நடக்கிற வேகத்தில்தான் நகரும். அவருக்கு ‘ஆமை டைவர்’ என்று பட்டம் கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் நான் ‘ஆமைக்குட்டி’ ஆனேன். அப்படிக் கூப்பிட்டவர்களை நான் சும்மா விடவில்லை, நன்றாகக் கிள்ளிவைத்தேன்.

எண்பத்து மூன்றில் தமிழருக்கு எதிரான கலவரம் எங்கள் மலைக்கும் ஏறி வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் எரிகிற புகையை மத்தியானமே பார்த்துவிட்டோம். ஸ்டோரில் பொலிஸ் காவல் போட்டிருப்பதாகவும், மேலே இருக்கிற சனத்தை உடனே இறக்கும்படியும் தோட்டத்து மேனேஜரான துரை ஆள் அனுப்பினார். நடக்க முடிந்தவர்கள் தேயிலைக்குள் புகுந்து இறங்கினார்கள். கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் எங்களைப் போன்ற பிள்ளைகளும் டிராக்டரின் பின்னால் பூட்டிய ‘பெட்டி’யில் ஏறினோம். மழையில் பாதை சேறாகிக் கிடந்தது.

அப்பா அவசரப்படவே இல்லை. எல்லோரையும் பெட்டியின் அடித்தட்டில் உட்காரவைத்தார். பாரமான ஆட்களை மேட்டுப் பக்கமாக நகர்த்தினார். எங்கள் தோட்டத் தலைவருக்கு, தொழிற்சங்கத்தின் தலைவர் என்ற முறையில், டிராக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து பவனி வருவது ஒரு உரிமை. அவரையும் அன்று இறக்கிப் பெட்டிக்குள் அனுப்பினார். தலைவருக்கு முகம் சுண்டிவிட்டது.

என்ஜின் உறுமியதும் தலைவர் பதறி எழுந்தார். “யோவ் டைவரு, கூப்பிட்டுக் காட்டிக் கொடுக்கிறியா? இஞ்சின நிப்பாட்டு. நியூட்டல்ல விட்டா சத்தமில்லாம போய்ச் சேந்துருவோம்!” பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். சத்தம் கேட்டுக் கலவரக்காரர்கள் வந்துவிட்டால் எங்கள் கதி என்ன என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. நானே அப்பாவைப் பார்த்து, “நிப்பாட்டுங்கப்பா” என்று கத்தினேன்.

அப்பா திரும்பிப் பார்த்தார். “இத்தனை பேரு பாரத்தோட சும்மா விட்டா பெட்டி டெக்டரத் தள்ளும். இந்தச் சேத்துல பிரேக் பிடிக்காது. சத்தம் கேட்டு வர்றவன் கால்லயாவது விழுந்து பாக்கலாம், பள்ளத்துக்கிட்ட என்னத்தக் கேக்குறது?”

தலைவர் மறுபடியும் வாயைத் திறந்தார். “சத்தம் வேணாம்னா மொதல்ல நீங்க உக்காருங்க தலைவரே” என்றாள் கைக்குழந்தையோடு என் பக்கத்தில் இருந்த அம்மா. அவர் உட்கார்ந்தார்.

முதல் கியரில் இறங்கினோம். அவ்வளவு சத்தத்தை அந்த டிராக்டர் அதற்கு முன் போட்டதில்லை என்றே எனக்குத் தோன்றியது. குழந்தைகளின் வாயைப் பொத்திக்கொண்டு தாய்மார்கள் அழுதார்கள். பாதி வழியில் இருந்த பெரிய வளைவில் திரும்பியதும், பாதையின் குறுக்கே ஒரு சவுக்கு மரம் வெட்டிப்போடப்பட்டுக் கிடந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார். வண்டி சேற்றில் கொஞ்சம் வழுக்கி, மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கியர் இல்லாமல் உருண்டு வந்திருந்தால் எங்கே கிடந்திருப்போம் என்று எல்லோரும் பள்ளத்தைத்தான் பார்த்தார்கள்.

மரத்தை வெட்டியவர்கள் அங்கே இல்லை. ஒவ்வொருவராக இறங்கி, மரத்தைத் தாண்டி, தேயிலைக்குள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நடந்து ஸ்டோரை அடைந்தோம். அப்பா கடைசியாகத்தான் வந்தார். விட்டுவிட்டுப் போகிற வண்டிக்கும் சக்கரத்தடியில் கல் வைத்துவிட்டு வந்தார். அவர் என் அப்பா என்று மார்தட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அன்றிரவே டிராக்டரை எரித்துவிட்டார்கள்.

இப்போது நான் கண்டி நகரில் இருக்கிறேன். அந்தப் பாதை தார்க் கார்ப்பெட் போட்டு அகலமாகிவிட்டது, கொழுந்து லொறியில் போகிறது, மேல் லயங்கள் இருந்த இடம் காடாகிக் கிடக்கிறது. அப்பாவும் இல்லை. தலைவர் மட்டும் வெகுகாலம் இருந்தார். “அன்னைக்கு அந்த ஆமை டைவரு மலையையே எழுப்பிக்கிட்டுல்ல போனான்” என்று சாகும்வரை பேரப்பிள்ளைகளிடம் குறை சொல்லிக்கொண்டிருந்தாராம். குறை சொல்ல அவர் இருந்தார். உட்கார்ந்து கேட்கப் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள்.