அண்ணன் உள்ளே போனானா?

என் அக்கா பிரிஜிட்டிடம் வேத புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னால் அவள் சும்மா வாசித்துவிட்டுப் போக மாட்டாள். பாதியில் தலையை நிமிர்த்தி, "இப்ப இந்த ஆளு என்ன செய்வான்னு நெனைக்கிறீங்க?" என்று எதிரில் இருப்பவர்களைக் கேட்பாள். பூசையில் வாசகம் வாசிக்கும்போதுகூட அவள் வாய் அந்தக் கேள்விக்குத் துடிக்கும். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருப்பதால்தான் கோயிலில் மட்டும் அடங்கியிருக்கிறாள்.

இந்தப் பழக்கம் ரப்பர் தோட்டத்தில் வந்தது. மலாக்காப் பக்கம், செலண்டாரைத் தாண்டி ஏழாவது மைலில், ஏழாங்கட்டையில் எங்கள் தோட்டம் இருந்தது. துரைமார் அதற்கு வாயில் நுழையாத ஒரு பேர் வைத்திருந்தார்கள். ஏழாங்கட்டைத் தோட்டம் என்றால்தான் பஸ்காரருக்கே தெரியும். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, வீடுகளும் இல்லை, கண்ணுக்கு எட்டியவரை எண்ணெய்ச் செம்பனைதான். போன வருஷம் போய்ப் பார்த்தேன். எங்கள் லயத்து வீட்டு வரிசை இருந்த இடம் எது என்றே தெரியாமல் காரில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தேன்.

லயத்தில் எங்களைப் போன்ற வேதக்காரக் குடும்பங்கள் நாலைந்துதான். மற்றதெல்லாம் இந்து வீடுகள். ஃபாதர் மாதம் ஒரு முறை மலாக்காவிலிருந்து வருவார். அவர் வராத ஞாயிறுகளில், சாயங்காலம், வீட்டு முன்னால் ஓடும் சிமெண்டு அஞ்சடி நடைபாதையில் பாய் விரித்து பிரிஜிட் வாசிப்பாள். ஆறாம் வகுப்போடு பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போனவள். ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, அது அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அம்மாவே அதிசயப்படுவாள். குளித்தும் போகாத ஒட்டுப்பால் வாடை விரல்களில் இருக்கும். அந்த விரலை வரிக்கு வரி நகர்த்தி வாசிப்பாள்.

முதலில் நாங்கள் மட்டும்தான் கேட்டோம். பிறகு பக்கத்து வீட்டு ஜெயமணி முருங்கைக்கீரை உருவும் சாக்கில் வந்து உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே அவள் புருஷன் சுப்பன், மாடு மேய்க்கும் நாகமுத்து, மாரியம்மன் கோயிலில் கூட்டிப் பெருக்கும் முனியாயி என்று லயமே வந்துவிட்டது. யாரும் மதம் மாற வரவில்லை, யாரும் மாற்றவும் கூப்பிடவில்லை. கதை கேட்க வந்தார்கள், அவ்வளவுதான்.

கேட்டார்கள் என்றால் சும்மா கேட்கவில்லை. தீர்க்கதரிசி மீன் வயிற்றுக்குள் போனபோது, உள்ளே மூச்சு எப்படி விட்டிருப்பான் என்று சுப்பனுக்கும் நாகமுத்துவுக்கும் அடிதடி வராத குறை. குளிக்கிற பெண்ணை ராஜா மாடியிலிருந்து பார்த்த கதையைக் கேட்டுவிட்டு, "ராஜா செய்யிற வேலையா இது? நம்ம கிராணி பரவால்ல போல," என்றாள் ஜெயமணி. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மனைவியும் அன்றைக்கு வந்திருந்தாள். காணாமல் போன ஆட்டைத் தேடிப் போன மேய்ப்பன் கதை என்றால் நாகமுத்துவுக்குத் தனிப் பெருமை. தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டுதான் கேட்பார்.

எல்லாருக்கும் பிடித்தது அப்பாவும் இரண்டு மகன்களும் வரும் கதை. சின்னவன் பங்கைப் பிரித்துக்கொண்டு தூரதேசம் போகிறான். எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுப் பன்றி மேய்க்கிறான். பசி தாங்காமல் வீட்டுக்குத் திரும்புகிறான். அப்பா ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து விருந்து வைக்கிறார். வயலிலிருந்து வந்த பெரியவனுக்கு மேளச்சத்தம் கேட்கிறது. விஷயம் தெரிந்ததும் கோபித்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடுகிறான். அப்பா சமாதானம் சொல்கிறார். அதோடு கதை முடிந்தது. அண்ணன் உள்ளே போனானா இல்லையா என்று எழுதவில்லை.

முதல் தடவை பிரிஜிட் இதை வாசித்துப் புத்தகத்தை மூடியதும் முனியாயி, "மிச்சம்?" என்றாள். மிச்சம் இல்லை என்றதும் முனியாயிக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்கள் கோயிலில் கதை படித்தால் பட்டாபிஷேகத்தில் முடித்து, மங்களம் பாடிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். சண்டையிலும் அழுகையிலும் கதையை விட்டால் கேட்டவர்கள் வீட்டுக்கு ஆகாது என்பது வழக்கம். "ஏம்மா, ரெண்டு ஆம்பளப் புள்ள பெத்த ஜெயமணி இங்க ஒக்காந்திருக்கா. அண்ணன் தம்பிய இப்படி வாசல்ல நிக்க வச்சிட்டு நாங்க எந்திரிச்சிப் போகவா?" என்றாள். பிரிஜிட் யோசித்தாள். புத்தகத்தைத் திரும்பத் திறந்து, அதில் இருப்பதைப் போலவே ராகமாகச் சொன்னாள். அண்ணன் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனானாம். தம்பி இலையில் தன் கையால் சோறு போட்டானாம். முனியாயி கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

அன்றிலிருந்து ஏழாங்கட்டைத் தோட்டத்தில் அந்தக் கதைக்கு அதுதான் முடிவு. ஒருமுறை ஃபாதர் இதைக் கேட்டுவிட்டு, "அண்ணன் உள்ளே போனான்னு யாரும்மா சொன்னது?" என்றார். "முனியாயி அக்கா சொன்னாங்க ஃபாதர்," என்றாள் இவள். அவர் சிரித்துவிட்டுக் காப்பி கேட்டார். நல்ல மனுஷர்.

தோட்டம் விற்றதும் ஆளுக்கொரு திசையாகப் போனோம். பிரிஜிட்டும் அவள் புருஷன் கிளாரன்ஸும் செலண்டாரில் ஒரு சின்ன வீட்டுக்குப் போனார்கள். அவள் பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்தாள். கிளாரன்ஸ் மச்சான் தவறியபிறகும் அங்கேயேதான் இருக்கிறாள். டிவி முன்னால் உட்கார வைத்தால் தூங்கிவிடுவாள். கதை கேட்க ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலங்கள் அவளுக்குப் பிடிப்பதே இல்லை. எனக்கும்தான்.

போன மாதம் ஜெயமணி போன் செய்தாள். இனிப்பு நீர் வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். மூத்தவன் திலீபன் வீட்டில், புக்கிட் பெருவாங்கில், சக்கர நாற்காலியில் இருக்கிறாள்.

"பிரிஜிட்டக்கா, ஞாயித்துக்கெழம சின்னவன் வரான். பெரியவன் அவன் மூஞ்சில முழிக்க மாட்டேங்கிறான்லா. நீங்க வந்து அந்த அண்ணன் தம்பி கதையப் படிங்க. நான் சொன்னா கேக்க மாட்டான், கதை சொன்னா கேப்பான்."

சின்னவன் ஷங்கர் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு சிங்கப்பூருக்குப் போனவன். சுப்பன் செத்தபோது சொல்லி அனுப்பியும் வரவில்லை. திலீபன் ஒற்றை ஆளாகக் கொள்ளி வைத்தான், ஒற்றை ஆளாகக் கருமாதி செய்தான். அவர்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன், அம்மாவுக்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும். காலை எடுத்ததைக் கேள்விப்பட்டு ஷங்கர் இப்போது வருகிறான். திலீபன் அம்மாவிடம் கட்டன் ரைட்டாகச் சொல்லிவிட்டான். "அப்பாவுக்கு வராதவன் உனக்குக் கொள்ளி வைக்க வர்றானா? அவன் வந்தா நான் சுடுகாட்டுப் பக்கமே வர மாட்டேன்." ஜெயமணிக்குச் சாவு பயம் இல்லை. இரண்டு பிள்ளை பெற்றும் ஒரு பிள்ளையோடு போக வேண்டியிருக்குமே என்ற பயம்தான்.

நான்தான் கார் ஓட்டினேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன். "நீ என்ன ஜட்ஜா? கதை படிச்சா சண்டை தீருமா?"

"படிக்கச் சொன்னா. படிக்கிறேன்," என்றாள். அவள் பிடிவாதம் அப்படி.

நாங்கள் போனபோது திலீபன் கார் நிறுத்தும் இடத்தில் பக்கெட் தண்ணீரோடு காரைக் கழுவிக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. "வாங்க பெரியம்மா, வாங்க சின்னம்மா. உள்ள போங்க," என்றான். அவன் நகரவில்லை. உள்ளே ஷங்கர் சோபா நுனியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தான். தலை நரைத்துவிட்டது. அடுப்பில் திலீபன் மனைவி பவானேஸ்வரி கம்போங் நாட்டுக்கோழி வைத்திருந்தாள். வாசம் தெருவரைக்கும் வந்தது.

பிரிஜிட் ஜன்னல் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். விரலை வரியில் வைத்தாள். அந்தக் குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. எனக்கு அஞ்சடியும் பாயும் நாகமுத்துவின் தலைப்பாகையும் கண் முன்னே வந்துவிட்டன. சின்னவன் திரும்பி வரும் இடத்தில் ஷங்கர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். வெளியே தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

பெரியவன் வாசலில் நின்ற இடம் வந்தது.

"பெரியம்மா, போதும்," என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து திலீபன் கத்தினான். "மிச்சம் எனக்கே தெரியும். காலக் கழுவிட்டு உள்ள போவான். தம்பி இலையில சோறு போடுவான். சின்ன வயசுலேர்ந்து கேட்டுட்டேன். நெஜமா சொல்லுங்க, புத்தகத்துல அப்படியா இருக்கு?"

என் அக்கா பொய் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன்.

"இல்லய்யா," என்றாள். "புத்தகத்துல இல்ல. மங்களத்துக்காக நான் சேத்தது."

ஜெயமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இல்லியா? அப்ப உள்ள போனானா, போகலியா?"

"எழுதல ஜெயமணி."

"அது எப்படிக்கா எழுதாம விட்டாங்க!"

"அப்ப அவன் கடைசி வரைக்கும் வெளியவே நின்னான்னும் வச்சிக்கலாம்," என்றான் திலீபன்.

"வச்சிக்கலாம்யா. அது அவன் இஷ்டம்." பிரிஜிட் மறுபடி விரலை வரிக்குக் கொண்டுபோனாள். "ஆனா ஒண்ணு எழுதியிருக்கு. அவன் கோவிச்சிக்கிட்டு நிக்கிறான்னு தெரிஞ்சதும் அப்பா விருந்த விட்டுட்டு வெளிய வந்தாரு. ஆள் அனுப்பல. அவரே வந்தாரு."

மங்களத்துக்குப் போகிற அவசரத்தில் அந்த வரியை அவள் எப்போதும் ஓட்டமாக ஓட்டிவிடுவாள். இத்தனை தடவை கேட்டும் நான் அதைக் கவனித்ததே இல்லை.

ஜெயமணி ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, "என்னை வெளிய கொண்டு போங்க," என்றாள். ஷங்கர் எழுந்து வந்தான். "நீ இரு. கேத்லீனு தள்ளட்டும்," என்று தடுத்துவிட்டாள். நான் தள்ளிக்கொண்டு போனேன். வாசல் படியில் மெதுவாக இறக்கினேன். மழை தூற ஆரம்பித்திருந்தது.

திலீபன் துணியைப் பிழிந்துகொண்டே நின்றான். அம்மாவைப் பார்க்கவில்லை.

"நீ உள்ள வான்னு கூப்பிட வரல," என்றாள் ஜெயமணி. "நீ இங்க நிக்கிறப்ப எனக்கு உள்ள இருக்கப் பிடிக்கலடா. உங்கப்பாவுக்கு எல்லாம் நீ ஒருத்தனாத்தான் செஞ்ச. நான் அழுதது எல்லாம் வராதவனுக்காகத்தான். பக்கத்துல நின்ன உன்னை ஒரு வார்த்த கேக்கலியே. உனக்கும் அவரு அப்பாதான."

அவனுக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது. ஐம்பதைத் தொடப்போகும் மனுஷன், ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துணியைப் பக்கெட்டில் போட்டான். பிறகு உள்ளே கேட்கும்படியாகவே சொன்னான்.

"உனக்கு அவன்தான் கொள்ளி வைக்கணும். அதான் முறை. வைக்கட்டும். ஆனா நான் பக்கத்துல நிப்பேன். ஒத்தையா நின்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. அவனும் அப்படி நிக்க வேணாம்."

கிரில் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ஷங்கர் அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். திலீபன் என் கையிலிருந்து நாற்காலியை வாங்கிக்கொண்டான். படியில் ஏற்றி, கதவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். வழியில் தம்பி கிடந்தான்.

"எந்திரிடா," என்றான். "அம்மா நனையுறாங்க."