ஆள் இருந்தால் மட்டும்

சிஞ்சு நகரத்து மழையளவு மையத்தில் கணினிகளைப் பராமரித்து வந்த சாய் லிங்யுன் தனியாள். காலையில் வந்ததும், கணினிக்குள் யார் யார் நுழைந்தார்கள் என்ற பதிவைத்தான் முதலில் பார்ப்பாள். மலைமேல் மழையை அளந்து அனுப்பும் நிலையத்தின் பெயர் அதில் தவறாமல் இருக்கும். அங்கே மாற்றலாகிப் போன கோ மிங்தே, முன்பு அவள் அறையில் பக்கத்து மேசைக்காரர். இப்போது மலையிலிருந்து தினமும் கணினிக்குள் நுழைவார், சில நொடிகளில் போய்விடுவார். பக்கத்தில் இருந்தபோதும் அதிகம் பேசாதவர்தான்.

டிராகன் படகுத் திருநாள் நெருங்கியபோது அவளுக்கு ஓர் ஆசை வந்தது. மலை நிலையத்தின் கணக்கில் யார் நுழைந்தாலும், கட்டளைகளை வாங்கிச் செய்யும் ஷெல் என்ற நிரல் முதலில் படிக்கும் கோப்பில் ஒரு வரி சேர்த்தாள்: "சாப்டாச்சா? இந்த வருஷம் மூங்கில் இலைக் கொழுக்கட்டை நானே கட்டினேன்."

மறுநாள் மலையிலிருந்து மழையளவு வரவில்லை. மேலாளர் பெங் அவள் மேசைக்கே வந்துவிட்டான்.

"அக்கா, அணைக்கட்டுலேர்ந்து போன் மேல போன். என்னன்னு பாருங்க."

அவள் மலை நிலையத்தைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"மிங்தே இருக்காரா?"

"அவரு போன வருஷமே வேலைய விட்டுட்டாரே. கவ்ஷியுங்ல மக வீட்டுல இருக்காரு."

"தினம் உள்ள வர்றாரே."

"அது அவர் எழுதி வச்சுட்டுப் போன ஸ்கிரிப்ட், அக்கா. அதுவே நுழையும், அதுவே அனுப்பும். இன்னிக்கு யாரோ அத சாப்டாச்சான்னு கேட்டிருக்காங்க. பதில் தெரியாம நின்னுடுச்சு." அந்தப் பெண் சிரித்தாள்.

லிங்யுன்னும் சிரித்து வைத்தாள்.

வரியை அழிக்க மனம் வரவில்லை. எதிரே ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்தால், ஷெல் தன் அடையாள எழுத்துகளில் ஒன்றைக் கூடுதலாக வைத்திருக்கும். ஸ்கிரிப்ட் வந்தால் அது இருக்காது. அந்த எழுத்து இருந்தால் மட்டும் கேள், இல்லையென்றால் வாயைத் திறக்காதே என்று நிபந்தனை எழுதினாள். தானே அந்தக் கணக்கில் நுழைந்து பார்த்தாள். சாப்பிட்டாயா என்று அவளையே கேட்டது. மலை நிலையத்துப் பெண்ணிடம் சொல்லி ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டாள். ஒரு சொல்கூட வரவில்லை; மழையளவு வந்து சேர்ந்தது.

"என்னக்கா கோளாறு?" என்றான் பெங்.

"நான் தேவையில்லாம ஒரு வரி சேர்த்துட்டேன்."

மலை நிலையத்துப் பெண்ணிடம் வாங்கியிருந்த மிங்தேயின் எண்ணை மதியம் அழைத்தாள்.

"லிங்யுன்னா? ஏதாச்சும் நின்னுபோச்சா?"

"இல்ல. உங்க ஸ்கிரிப்ட் நல்லா ஓடுது."

"அப்படியா. சந்தோஷம்."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதது. "வச்சுடட்டுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுக் கடற்கரைப் பேருந்தில் ஏறினாள். கடைசி நிறுத்தத்தில் ஓட்டுநர் திரும்பிப் பார்க்கும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.